ஃபிரேம் கிடைத்துவிட்டது, சீட் போஸ்ட் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தயாரிப்பை நிறுத்திவிட்ட டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) சைக்கிள் ஃபிரேம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விற்பவர் படங்கள் மட்டுமே அனுப்புகிறார். பணம் கொடுக்கும் முன் என்னவெல்லாம் கேட்க வேண்டும்?

பதில்: முதலில் சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் தண்டு) இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரண ரோடு சைக்கிளின் போஸ்ட் வட்டக் குழாய், 27.2 மி.மீ. போஸ்ட் இன்றும் புதிதாகவே கிடைக்கும். டிரையத்லான் ஃபிரேமில் காற்று வழுக்கிப் போவதற்காக போஸ்ட்டை இறகு வடிவில் செய்திருப்பார்கள். பெரும்பாலும் அந்த வடிவம் அந்த மாடலுக்கு மட்டுமே உரியது. அதை உள்ளிருந்து இறுக்கும் ஆப்பும் அப்படித்தான். மாடல் நின்றதும் முதலில் தீர்ந்துபோகிறவை இந்த இரண்டும்தான். போஸ்ட்டும் ஆப்பும் இல்லாத ஃபிரேம் அடிமாட்டு விலைக்கு வந்தாலும் வேண்டாம்.

போஸ்ட் இருக்கிறது என்றால், அது அசைகிறதா என்று பாருங்கள். போஸ்ட்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அதை ஒரு சென்டிமீட்டர் இறக்கி, ஏற்றிக் காட்டும் வீடியோவைக் கேளுங்கள். ‘கொஞ்சம் டைட்டாக இருக்கும்’ என்று பதில் வந்தால் அது இறுகிப்போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு ஐந்து இடங்களை அருகில் வைத்து எடுத்த படங்கள் வேண்டும்: பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் அச்சு சுழலும் இடம்) அடிப்பக்கம், பின் கியர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியை மாட்டும் சிறு தகடு), ஹெட் டியூபும் (ஃபோர்க் நுழையும் முன் குழாய்) டவுன் டியூபும் (கீழ்க் குழாய்) சேரும் அடிமூலை, பின் சக்கரத்துக்காக சீட் டியூபில் (போஸ்ட் இறங்கும் குழாய்) வளைத்து வெட்டிய இடம், ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) தோள். சீரியல் எண் பெரும்பாலும் பாட்டம் பிராக்கெட் அடியில் இருக்கும். அதை ‘பைக் இண்டெக்ஸ்’ போன்ற பதிவேடுகளில் போட்டு, திருட்டுச் சைக்கிளா என்று பார்த்துவிடுங்கள். அளவு ‘54’ என்று சொன்னால் நம்பிவிடக் கூடாது. ஒரு கம்பெனியின் 54 இன்னொன்றின் 52 ஆக இருக்கும். ஸ்டாக் (பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து ஹெட் டியூப் உச்சி வரை உள்ள உயரம்), ரீச் (அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கிடைமட்டத் தூரம்) இரண்டையும் மில்லிமீட்டரில் அளந்து தரச் சொல்லுங்கள். ஹேங்கரைக் கழற்றி, துளைகளின் இடைவெளி தெரியும்படி ஸ்கேல் வைத்து எடுத்த படம் ஒன்றும் கேளுங்கள். மாற்று ஹேங்கர் தேட அந்தப் படம்தான் உதவும்.

கேள்வி: வாங்கிய ஃபிரேமில் சிறிய சக்கரம் இருக்கிறது. டயரில் 650 என்று எழுதியிருக்கிறது. இதில் சாதாரண ரோடு சைக்கிளின் 700சி சக்கரம் போடலாமா?

பதில்: போட முடியாது. உங்களுடையது 650சி, ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 571 மி.மீ. 700சிக்கு அது 622. ஆரத்தில் 25.5 மி.மீ. வித்தியாசம் வருவதால் பிரேக் கட்டை ரிம்மைத் தொடாது. அதற்கு முன்பே டயர் ஃபோர்க் தோளிலோ சீட் டியூபிலோ முட்டிவிடும்.

1990களின் டிரையத்லான் ஃபிரேம்களில் இந்த அளவு சகஜம். குவின்டானா ரூ, கெஸ்ட்ரல், சாஃப்ட்ரைட் என்று பல கம்பெனிகள் இதைப் பயன்படுத்தின. சீட் டியூபை 78 டிகிரி அளவுக்கு நிமிர்த்தி, முன்பக்கத்தைத் தாழ்த்தி, ஓட்டுபவரை ஏரோபாரில் (முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டும் முன் கம்பி) படுக்கவைக்கச் சிறிய சக்கரம் வசதியாக இருந்தது.

டயர் வாங்கும்போது 650 என்ற எண்ணைப் பார்க்காதீர்கள். 650பி என்பது 584, பழைய 26 அங்குல மவுண்டன் டயர் 559. மூன்றும் ஒன்றுக்கொன்று சேராது. டயர் ஓரத்தில் ‘23-571’ என்பது போல அச்சிட்டிருக்கும். அந்த 571தான் உங்களுக்கு வேண்டியது. இந்த அளவில் தேர்வு குறைவு என்பதால் பெயின்ட்டுக்குச் செலவு செய்யும் முன் இரண்டு ஜோடி டயரும் டியூபும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அலுமினியம் ஃபிரேமில் கார்பன் சீட் போஸ்ட் இறுகிவிட்டது. சுத்தியலால் தட்டியும் வரவில்லை.

பதில்: சுத்தியலைக் கீழே வையுங்கள். கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்பு நீர் இருந்தால், அலுமினியம் அரித்துப்போகும். அரித்த வெள்ளைப் பொடிக்கு உலோகத்தைவிடக் கன அளவு அதிகம். அதுதான் போஸ்ட்டைக் கவ்விப் பிடிக்கிறது. உப்பு நீர் வேறெங்கும் இருந்து வரவில்லை, ஓட்டுபவரின் வியர்வைதான்.

பல நேரம் பிடித்திருப்பது போஸ்ட் அல்ல, ஆப்பு. ஆப்பு போல்ட்டை நான்கு சுற்று தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். போல்ட் தலை மேலே எழும்பி நிற்கும். அதன் மேல் ஆலன் கீயை வைத்து ரப்பர் சுத்தியால் லேசாக ஒரு தட்டு. ‘டக்’ என்று தலை உள்ளே இறங்கினால் ஆப்பு விடுபட்டது.

அதிலும் வரவில்லையென்றால் பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றி, ஃபிரேமைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அந்தத் துளை வழியாக ஊடுருவும் எண்ணெயை விடுங்கள். மூன்று நான்கு நாள், தினம் ஒருமுறை. பிறகு சீட் டியூபின் வெளிப்புறத்தை ஹேர் டிரையரால், கை பொறுக்காத சூடு வரும் வரை சூடாக்குங்கள். அலுமினியம் விரியும், கார்பன் ஏறக்குறைய விரியாது. அந்தச் சூட்டிலேயே, சீட்டைப் பிடிக்கும் போஸ்ட் தலையின் அடியில் மரக்கட்டை கொடுத்து மேல்நோக்கித் தட்டுங்கள். வட்டப் போஸ்ட்டைத் திருகி எடுக்கலாம், இறகு வடிவப் போஸ்ட்டைத் திருகினால் சீட் டியூப் பிளந்துவிடும். நேராகத்தான் இழுக்க வேண்டும். காஸ்டிக் சோடா ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. அது அலுமினியத்தைத் தின்னும், உங்கள் ஃபிரேமே அலுமினியம்!

திரும்பப் போடும்போது கிரீஸ் வேண்டாம், கார்பன் பேஸ்ட் (வழுக்காமல் பிடிக்கும் நறநறப்பான பசை) தடவுங்கள்.

கேள்வி: பெயின்ட் பல இடங்களில் கொப்பளித்திருக்கிறது. ஒரு கோடும் தெரிகிறது. விரிசலா? பெயின்ட்டை எப்படி எடுப்பது?

பதில்: கொப்பளம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஹெட் டியூப் உச்சி, மேல் குழாய், கேபிள் நுழையும் துளை ஓரம் என்று இருக்கும். ஏரோபாரில் படுத்தால் முகத்து வியர்வையும் சர்க்கரைப் பானமும் சொட்டுவது அங்கேதான். ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டு) போல்ட்டுகளையும், டேப்பைப் பிரித்து ஹேண்டில்பாரையும் கட்டாயம் பாருங்கள். குழி விழுந்த அலுமினிய ஹேண்டில்பாரைத் தூக்கிப் போடுங்கள், இதில் சிக்கனம் கூடாது.

கோடு இருக்கும் இடத்தில் ஒரு நாணய அளவுக்கு உப்புத்தாளால் தேயுங்கள். பளபளக்கும் உலோகத்தில் கோடு மறைந்தால் அது பெயின்ட் வெடிப்பு. உலோகத்திலும் தொடர்ந்தால் விரிசல். அந்த ஃபிரேம் சுவரில் மாட்டத்தான். அலுமினியத்தை வெல்டிங் வைத்தால் சுற்றிலும் வலிமை குறையும். 6061 போன்ற கலவைக்கு மறுபடி வெப்பப் பதம் கொடுக்காமல் அது திரும்பாது.

கார்பன் ஃபிரேம் என்றால் நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்த ஒலி ஓரிடத்தில் ‘தொப்’ என்று அமுங்கினால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். கார்பன் பழுதில் தேர்ந்தவரிடம் காட்டுங்கள். பெயின்ட் கரைப்பான் வேண்டவே வேண்டாம், அது நாரைப் பிடித்திருக்கும் பிசினையும் தாக்கும். 400, 600 எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேயுங்கள். வழியும் நீர் கறுத்தால் நாரைத் தொட்டுவிட்டீர்கள், உடனே நிறுத்துங்கள். பவுடர் கோட்டிங்கும் (பொடிப் பெயின்ட்டை அடுப்பில் சுட்டு ஒட்டவைப்பது) கூடாது. அடுப்பின் சூடு 200 டிகிரியை ஒட்டி இருக்கும். பசையால் ஒட்டிய ஃபிரேம்களுக்கும் இதே தடை. வெறும் அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு) அடித்த பிறகே நிறம்.

கேள்வி: குழாய்க்குள் ஓடும் கேபிளை மாற்றுவது எப்படி?

பதில்: பழைய கேபிளை உருவும் முன் அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் குழலைக் (லைனர்) கோத்து, அடுத்த துளையில் வெளிவரும் வரை தள்ளுங்கள். பிறகு கேபிளை உருவினால் புதியதற்கு வழி தயார். ஏற்கெனவே உருவிவிட்டிருந்தால், மற்ற துளைகளை டேப்பால் மூடி, ஒரு முனையில் தையல் நூலை விட்டு, மறுமுனையில் வேக்குவம் கிளீனரை வையுங்கள். நூல் வந்துவிடும். அதில் கேபிளைக் கட்டி இழுக்கலாம்.

கேள்வி: பாட்டம் பிராக்கெட் கழலவே மாட்டேன் என்கிறது.

பதில்: திசையைப் பாருங்கள். 68 மி.மீ. ஆங்கில மரை என்றால் செயின் பக்கம் இடது மரை; வலப்பக்கம் திருகினால்தான் கழலும். 70 மி.மீ. இத்தாலிய மரை இரு பக்கமும் சாதாரண மரை. ஆங்கில மரையில் தவறான பக்கம் பலம் கொடுத்து இறுக்கியிருந்தால் ஒரு நாள் எண்ணெயில் ஊறவிட்டு, டூலை போல்ட்டால் பிராக்கெட்டோடு சேர்த்துப் பிடித்து, நீளமான கைப்பிடியால் திருப்புங்கள்.