பால்வாடியா, எல்.கே.ஜி.யா? டீச்சரிடம் கேளுங்கள்

பாம்பன்: டீச்சர், மகனுக்கு மூணு வயசு. பால்வாடியில விளையாட்டுதான், எழுத்தே இல்ல. எல்.கே.ஜி.யில போடவா?

எழுத்துக்காக மாத்த வேண்டாம். மூணு வயசு விரலுக்குப் பென்சில் பிடிக்கிற பிடி இன்னும் வந்திருக்காது. மாவு பிசையட்டும். கருவாடு காயப்போடுறப்ப நெத்திலி ஒரு பக்கம், சூடை ஒரு பக்கம்னு பிரிக்கட்டும். "எது நீளம்?"னு கேட்டுட்டு அஞ்சு எண்ணுற நேரம் வாயை மூடிக்கிட்டு இருங்க. நாம முந்திச் சொல்லிட்டா அவன் எதுக்கு யோசிக்கணும்?

கீழக்கரை: ரெண்டு வயசு முடிஞ்சும் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசல. அவன் வாப்பாவும் லேட்டாத்தான் பேசினாராம்.

வாப்பா கதையை நம்பி உட்காராதீங்க. இந்த வாரமே ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில காதைச் சோதிங்க. கூப்பிட்டாத் திரும்புறான்கிறது போதாது. லேசாக் கேக்குற பிள்ளையும் திரும்பும். அவன் கையில போன் குடுக்காதீங்க.

தொண்டி: நான் பள்ளிக்கூடமே போகல. என்னத்தைச் சொல்லிக் குடுக்க?

ஜமைக்காவுல வளர்ச்சி குன்றின ஏழைப் பிள்ளைங்க வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், ரெண்டு வருஷம் சுகாதார ஊழியர் போனாங்க. பிள்ளையோட எப்படி விளையாடுறது, பேசுறதுன்னு அம்மாவுக்குக் காட்டினதுதான் வேலை. பொம்மையெல்லாம் வீட்டுச் சாமான்ல செஞ்சது. 20 வருஷம் கழிச்சுப் பார்த்தா, அப்படிக் காட்டித் தராத வீட்டுப் பிள்ளைகளைவிட இவங்க சம்பாத்தியம் 25 சதவீதம் கூட. வலை பின்னும்போது கண்ணியை எண்ணிக்கிட்டே பேசுங்க, போதும்.

பெரியபட்டினம்: விளையாட்டுன்னு விட்டா ஒண்ணாப்புல முழிப்பான். என் மக எல்.கே.ஜி.யில இருபது வரைக்கும் சொல்றா!

பாம்பன்: என் மகனும் பாட்டா பத்து வரைக்கும் சொல்றானே!

ரெண்டு பேரும் நில்லுங்க. பத்து சிப்பியைக் கொட்டி, "மூணு குடு"னு கேளுங்க. எண்ணி மூணு வந்தா எண்ணு தெரியும். கைநிறைய அள்ளி நீட்டினா இருபதும் வெறும் பாட்டு. போர்டுல என்ன பேருங்கிறதை விடுங்க. உள்ள டீச்சர் பிள்ளைகிட்ட பேசுறாங்களா, "கையைக் கட்டு" மட்டும்தானான்னு ஒரு மணி நேரம் நின்னு பாருங்க.

மண்டபம்: நாலு வயசு, ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 9.5. எப்பவும் சோர்வு.

11-க்குக் கீழன்னா ரத்தசோகை. டாக்டர் எழுதித் தர்ற இரும்புச்சத்து மருந்தை நிறுத்தாமக் குடுங்க. அதோட டீ குடுத்தா சத்து உடம்புல ஒட்டாது. பூச்சி மாத்திரை போட்டாச்சான்னும் கேளுங்க.

தேவிபட்டினம்: மூணு வயசுக்கு எந்தப் பென்சில் நல்லது?

மேல பாம்பனுக்குச் சொன்னதைப் படிங்க.

ஏர்வாடி: போன் காட்டினாத்தான் மகளுக்குச் சோறு இறங்குது.

மறுபடியும் போன்! வயிறு நிறைஞ்சது அவளுக்கே தெரியாமப் போகுது. சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே பிஸ்கட்டை நிறுத்துங்க. தட்டுல நாலு வாய் மட்டும் வைங்க, அவளே எடுக்கட்டும். 20 நிமிஷத்துல தட்டை எடுத்துருங்க. நாலஞ்சு நாள் அழுவா.