எத்தனையில் ஒரு பங்கு?

வணக்கம் சார்,

போன மாதம் இங்கே கனெக்டிகட்டில் இருக்கும் மிஸ்டிக் சீபோர்ட் மியூசியத்துக்குப் போயிருந்தோம். திமிங்கல வேட்டைக் காலத்துத் துறைமுக ஊரை அப்படியே வைத்திருக்கிறார்கள். கொல்லர் இரும்பு அடிக்கிறார், அந்தக் கால உடையில் ஒரு அம்மா விறகடுப்பில் சமைக்கிறார். எவ்வளவு எளிமையான, நிம்மதியான வாழ்க்கை! ஆனால் திமிங்கலங்களைக் கொன்ற கப்பலைக் கொண்டாடலாமா? நம் ஊரில் ஏன் இப்படி ஓர் இடம் இல்லை?

ர., ஹார்ட்ஃபோர்டு

அன்புள்ள ர.,

நம் ஊரில் இல்லையா? சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், பழைய தென்னிந்திய வீடுகளைப் பெயர்த்து வந்து நிறுத்திய தட்சிணசித்ரா இருக்கிறது. சென்னைக்கு வரும்போதெல்லாம் மாலுக்கே போனால் அது கண்ணில் படாது. உங்கள் உறுத்தல் நல்ல உறுத்தல், அப்படியே இருக்கட்டும். 1841இல் கட்டிய சார்லஸ் டபிள்யூ. மார்கன் 37 முறை வேட்டைக்குப் போன கப்பல். 2014இல் மறுபடி கடலுக்குக் கொண்டுபோனபோது திமிங்கலங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அது போதும்.

எனக்கு எரிச்சல் மூட்டியது அந்த ‘நிம்மதி’தான். யாருக்கு நிம்மதி? மார்கனின் பின்பக்கத்தில் கேப்டன் மனைவி லிடியாவுக்காகச் செய்த கட்டிலைப் பார்த்திருப்பீர்கள். கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் கட்டில் சாயாது. முன்பக்கம் இறங்கி, மாலுமிகள் படுத்த பலகைகளையும் பார்த்தீர்களா? மூன்று நான்கு வருஷம் அங்கேதான். மேல்தளத்தில் செங்கல் அடுப்பு, இரண்டு இரும்பு அண்டா. கொழுப்பை உருக்கி எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சக்கைதான் அந்த அடுப்புக்கு விறகு. ராப்பகலாக எரியும். அந்த நாற்றத்தை எந்த மியூசியமும் டிக்கெட் போட்டுக் காட்டாது.

சரி, நாற்றம் போகட்டும். கணக்கு? அந்த ஆட்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, செலவு போக மிஞ்சும் பணத்தில் பங்குதான். கேப்டனுக்குச் சுமாராக 15இல் ஒன்று. கடலையே பார்த்திராத கிராமத்துப் பையனுக்கு 175இல் ஒன்று, சில சமயம் 200இல் ஒன்று. செலவு போக 35,000 டாலர் மிஞ்சியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு 200 டாலர், அதுவும் மூன்றரை வருஷத்துக்கு! அதிலும் கிளம்பும்போது கரையில் கடனாகக் கொடுத்த துணிமணி, அதற்கு வட்டி, நடுக்கடலில் கப்பலிலேயே ஏற்றிய விலைக்கு வாங்கிய சட்டை, புகையிலை எல்லாம் கழியும். இறங்கும்போது முதலாளிக்கே பாக்கி வைத்தவர்கள் உண்டு. வேறு வழியில்லாமல் மறுபடி கப்பல் ஏறினார்கள்.

என் தாய்மாமா தூத்துக்குடியில் விசைப்படகில் பங்குக்குப் போனவர். டீசல், ஐஸ், சாப்பாடு கழித்து, முதலாளி பங்கு கழித்து, வாங்கிய அட்வான்ஸையும் கழித்துச் சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வருவார். அத்தை நோட்டுகளை எண்ணிவிட்டு, “மீனு கடல்ல இல்லியா, கணக்குல இல்லியா?” என்று கேட்பார். மாமா பதில் சொல்லாமல் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். மிஸ்டிக்கில் நீங்கள் ரசித்த அந்த அடுப்படியில், புருஷன் திரும்பும்வரை கடையில் பற்று எழுதிச் சமைத்த ஒரு பெண்ணை யாராவது நடித்துக் காட்டினார்களா?

அந்தக் கொல்லர் பட்டறை நியூ பெட்ஃபோர்டிலிருந்து பெயர்த்து வந்தது. அதே ஊரில் லூயிஸ் டெம்பிள் என்ற கறுப்பினக் கொல்லர் 1848இல் ஒரு ஈட்டி செய்தார். சதைக்குள் போனதும் முனை குறுக்கே திரும்பிக்கொள்ளும், திமிங்கலம் நழுவாது. அவர் காப்புரிமை வாங்கவில்லை. மற்ற பட்டறைக்காரர்கள் அதையே அடித்து விற்றார்கள். 1854இல் கடனோடு செத்தார்.

பிள்ளைகளை மறுபடி கூட்டிப்போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மார்கனில் விளக்கம் சொல்கிறவரிடம், “உங்களுக்கு எத்தனையில் ஒரு பங்கு?” என்று கேட்கச் சொல்லுங்கள். விஷயம் தெரிந்தவர்கள்தான், கேட்டால் உட்காரவைத்துச் சொல்வார்கள்.