பிரேஸ் அணிந்தால் முதுகு நேராகுமா?

பன்னிரண்டு வயது மகளுக்கு ஸ்கோலியோசிஸ் (முதுகெலும்பு பக்கவாட்டில் வளைதல்) என்றும், உடலைச் சுற்றிப் பட்டைகளால் இறுக்கும் பிரேஸ் என்ற கூட்டை அணிவித்தால் முதுகு நேராகுமா, வீண் செலவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எக்ஸ்ரே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். நான் மருத்துவர் அல்லள், டர்பனுக்கு அருகே சாட்ஸ்வர்த்தில் வாழும் ஒரு தாய்.

நேராகும் என்று எண்ணி வாங்காதீர்கள். வளரும் வயதில் வளைவு மேலும் கூடாமல் தடுப்பதே அதன் வேலை.

தைப்பூசத்தன்று கொலுசு மாட்டக் குனிந்த மகளின் வலது விலாப்பக்கம் மேடாக எழும்பியிருந்ததைக் கண்டேன். எக்ஸ்ரேயில் வளைவு 27 பாகை. கனமான பள்ளிப்பையைத் தூக்கவிட்டதால் வந்த வினை என்று வீட்டுப் பெரியவர்கள் என்னைக் குற்றம் சொன்னார்கள். இந்த வயதில் வரும் வளைவு பெரும்பாலும் காரணம் தெரியாதது, பையின் பாரத்தால் வருவதன்று என்று மருத்துவர் விளக்கிய பின்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

நாளொன்றுக்கு 18 மணி நேரம் அணியச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் வளைவு 33 பாகையானபோது பிரேஸைத்தான் பழித்தேன். வகுப்பில் ஓர் ஆசிரியை எல்லோர் முன்னும் அதைத் தட்டிப் பார்த்துக் கேட்டதிலிருந்து, மகள் பள்ளியில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டிலும் புழுக்கம் தாளாமல் பட்டைகளைத் தளர்த்தியே அணிந்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று அவளைக் கடிந்துகொண்டதற்காக இன்றும் வருந்துகிறேன்.

2013இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வொன்றில், வளைவு 20 முதல் 40 பாகை வரை இருந்த, வளர்ச்சி முடியாத பிள்ளைகளில், பிரேஸ் அணிந்தோரில் 72 சதவீதத்தினருக்கும், கண்காணிப்பில் மட்டும் இருந்தோரில் 48 சதவீதத்தினருக்கும் வளைவு, அறுவைச் சிகிச்சையை யோசிக்க வைக்கும் 50 பாகையை எட்டவில்லை. அணிந்த நேரத்தைப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதாமல், பிரேஸுக்குள் பொருத்திய வெப்ப உணரியால் அளந்தார்கள்; நாளுக்குச் சுமார் 13 மணி நேரமும் அதற்கு மேலும் அணிந்தவர்களில் 90 சதவீதத்துக்குக் குறையாதோர் தப்பினர். பிரேஸ் இல்லாமலே எங்கள் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று இங்கே எழுதுவோர் பொய் சொல்லவில்லை. அந்த 48 சதவீதத்தில் என் மகளும் ஒருத்தியா என்று முன்கூட்டிச் சொல்லத்தான் எவராலும் இயலவில்லை.

மருத்துவரின் ஒப்புதலோடு, பள்ளி விட்டு வந்தது முதல் மறுநாள் காலை வரை அணிவது என்று மகளே முடிவு செய்தாள். உள்ளே தையல் உறுத்தாத பருத்தி பனியன், வேர்த்ததும் மாற்ற இன்னொன்று. இப்போது அவளுக்கு வயது 16, வளர்ச்சி நின்றுவிட்டது, வளைவு 35 பாகை. அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை. ரவிக்கைக்கு அளவு கொடுக்கும்போது மட்டும் வலப்பக்கத்தைச் சற்றுத் தளர்த்தித் தைக்கச் சொல்கிறோம்.