மஞ்சளாக இருந்தாலும் அதே தவளைதான்

கேள்வி: கீழக்கரையில் வசிக்கிறேன். 2023 கடைசியில் சென்னைக்காரர் ஒருவரிடம் செங்கண் மரத்தவளை ஒரு ஜோடி வாங்கினேன். வழக்கமாகப் பச்சையாக இருக்கும் தவளை, இது முழு மஞ்சள். அபூர்வம் என்று விலையும் கூட. ரசீது தரவில்லை. இப்போது முப்பதுக்கு மேல் குட்டிகள் தேறிவிட்டன. இன்ஸ்டாகிராமில் படம் பார்த்துப் பலர் விலை கேட்கிறார்கள். வனத்துறை பிடிக்கும் என்கிறார் நண்பர். ‘இந்த நிறம் காட்டிலேயே கிடையாது, சட்டம் வராது’ என்கிறார் விற்றவர். விற்கலாமா ஐயா?

பதில்: இப்போதைக்கு ஒன்றைக்கூட விற்காதீர்கள். இலவசமாகவும் கொடுக்காதீர்கள்.

விற்றவர் சொன்னது தவறு. சட்டம் பார்ப்பது இனத்தை, நிறத்தை அல்ல. செங்கண் மரத்தவளையின் சொந்த ஊர் மத்திய அமெரிக்கக் காடுகள். 2010-ல் அது, அழியக்கூடிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டது. மஞ்சளாகப் பிறந்தாலும், உங்கள் வீட்டுத் தொட்டியிலேயே பிறந்தாலும் அது அதே இனம்தான்.

முன்பெல்லாம் வெளிநாட்டு உயிரினங்கள் நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-க்குள் வராமல் இருந்தன. அதை நம்பித்தான் பலர் இன்னும் பேசுகிறார்கள். 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தபோது சைட்டிஸ் பட்டியல் அந்தச் சட்டத்தின் நான்காம் அட்டவணையாகவே ஆகிவிட்டது. 49எம் பிரிவுப்படி, அதிலுள்ள உயிருள்ள விலங்கை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். இதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28-ல் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் இருந்தது. நீங்கள் அதைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

நம் கடற்கரையில் இந்தச் சட்டத்தைப் பலர் பிடிக்கவும் வைத்திருக்கவும் தடையுள்ள கடல் அட்டை தொடர்பான வழக்கில்தான் முதலில் கேள்விப்படுகிறார்கள். ‘தெரியாமல் வைத்திருந்தோம்’ என்று சொல்லிக்கொண்டு கோர்ட்டுக்கு அலைந்த குடும்பங்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். சட்டம் தெரியாது என்பது தப்பிக்கும் வழி ஆகாது. கடல் அட்டை இதே சட்டத்தின், உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருப்பதால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. உங்கள் விஷயம் அந்த அளவுக்குப் போகாது. 51-ஆம் பிரிவின் பொதுத் தண்டனை, மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரு ஆறுதல் உண்டு. இனப்பெருக்கம் செய்ய 49என் பிரிவு கேட்கும் உரிமம் சைட்டிஸின் முதல் பின்னிணைப்பில் உள்ள இனங்களுக்கு மட்டும்தான்; உங்கள் தவளை இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது பதிவு.

அதனால் தாமதமானாலும் நீங்களாகவே முன்வாருங்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பியுங்கள். கூடவே, தாமதத்துக்கான காரணத்தை உள்ளபடி எழுதிய கடிதத்தோடு ராமநாதபுரம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. பிடிபட்ட பிறகு சொல்வதற்கும் தானாக வந்து சொல்வதற்கும் அதிகாரி முன்னாலும் நீதிபதி முன்னாலும் பெரிய வித்தியாசம் உண்டு.

ரசீது இல்லாததுதான் உங்கள் பலவீனம். பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, விற்றவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பயத்தில் இன்ஸ்டாகிராம் படங்களை அழித்துவிடாதீர்கள். இலையில் முட்டை ஒட்டியிருந்த நாள், தலைப்பிரட்டைகள் தண்ணீரில் விழுந்த நாள் என்று தேதியோடு படம் இருந்தால், குட்டிகள் உங்கள் வீட்டில் பிறந்தவை, கடத்தி வந்தவை அல்ல என்பதற்கு அதுவே சான்று. ‘பழைய தேதி போட்டு பில் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். போலி ஆவணம் தனிக் குற்றம். அப்புறம் உங்கள் உண்மையான பேச்சையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பதிவு கிடைத்த பிறகும், கைமாறும் ஒவ்வொரு தவளைக்கும் கணக்குத் தெரிவிக்க வேண்டும். தொழிலாக விற்பதென்றால் 2018 செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவும் தேவை. ஆன்லைன் விற்பனைக்கும் அது பொருந்தும்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன். சோதனை வருகிறது என்று பயந்து தவளைகளை ஊருணியிலோ கண்மாயிலோ விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டுத் தவளையோடு வரும் தோல் பூஞ்சை நம் ஊர்த் தவளைகளுக்குத் தொற்றக்கூடும். வளர்க்க முடியாது என்று தோன்றினால் அதே விண்ணப்பத்தில், ஒப்படைக்க விரும்புகிறேன் என்று எழுதுங்கள். பதில் வரும்வரை தொட்டியிலேயே இருக்கட்டும்.