டாலர் 20 லாட் வாங்கலாமா? வாசகர் கேள்வி–பதில்

அந்நியச் செலாவணி பற்றி வந்த கடிதங்களில் நான்கை எடுத்திருக்கிறோம். கணக்கு எளிதாக இருக்க ஒரு டாலர் 88 ரூபாய், மார்ஜின் (ஒப்பந்தம் போட புரோக்கரிடம் வைக்கும் முன்பணம்) 2.5 சதவீதம் என்று வைத்திருக்கிறோம். நீங்கள் போட்டுப் பார்க்கும்போது அன்றைய விலையை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை வரவழைக்கிறோம். மூன்று மாதத்தில் 20,000 டாலர் கட்ட வேண்டும். டாலர் ஏறிவிட்டால் லாபமே போய்விடும். ஃபியூச்சர்ஸ் வாங்கி வைத்தால் காப்பாற்றுமா?
– வாசகர், பண்ருட்டி

ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது பலா. டாலரை வெளியே அனுப்ப வைப்பது முந்திரி. உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இந்தச் சந்தையே இருக்கிறது.

ஃபியூச்சர்ஸ் என்பது பின்னொரு தேதிக்கான விலையை இன்றே பேசி சந்தையில் போடும் ஒப்பந்தம். டாலர்–ரூபாய் ஃபியூச்சர்ஸில் ஒரு லாட், அதாவது வாங்கக்கூடிய குறைந்தபட்ச அளவு, 1,000 டாலர். உங்களுக்கு 20 லாட் போதும், மதிப்பு 17.6 லட்சம். கையிலிருந்து வைக்க வேண்டிய மார்ஜின் சுமார் 44,000 ரூபாய். விலை கால் பைசா நகர்ந்தால் லாட்டுக்கு இரண்டரை ரூபாய், ஒரு ரூபாய் நகர்ந்தால் 1,000 ரூபாய்.

மூன்று மாதத்துக்குப் பிந்தைய ஒப்பந்தம் 88-க்குக் கிடைக்காது. இங்கே வட்டி அமெரிக்காவைவிடக் கூடுதல் என்பதால் அந்த வித்தியாசம் விலையில் ஏறி நிற்கும். ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு 44 பைசா. இதைக் காப்பீட்டு பிரீமியம் மாதிரி நினைத்து, சரக்கின் அடக்க விலையிலேயே சேர்த்துவிடுங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் வேறு. லாப நஷ்டம் தினமும் மாலை கணக்கில் தீர்க்கப்படும். டாலர் 86-க்கு இறங்கினால் ஃபியூச்சர்ஸில் 40,000 ரூபாய் நஷ்டம். சரக்குக்கான பணமும் 40,000 குறைகிறதே என்பீர்கள். உண்மைதான், ஆனால் நஷ்டத்தை இன்றே கட்ட வேண்டும், சரக்கில் மிச்சமாகும் பணம் மூன்று மாதம் கழித்துத்தான் கைக்கு வரும். நடுவில் பணம் போட முடியாவிட்டால் புரோக்கர் உங்கள் பொசிஷனை, அதாவது வாங்கி வைத்த லாட்களை, விற்று மூடிவிடுவார். அதற்கு மறுநாள் டாலர் ஏறினால் இரண்டு பக்கமும் அடி. ஆகவே மார்ஜினுக்கு மேல் டாலருக்கு 2 ரூபாய் வீதம் 40,000 தனியாக வையுங்கள். அது முடியாதென்றால் வங்கியில் ஃபார்வர்டு ஒப்பந்தம் (பின்னொரு தேதிக்கான விலையை வங்கியோடு இன்றே பேசி முடிப்பது) போடுங்கள். அதில் இந்தத் தினசரிக் கணக்குத் தீர்ப்பு கிடையாது.

ஒப்பந்தம் மாதத்தின் கடைசி வேலை நாளுக்கு இரண்டு வேலை நாள் முன்பு, பகல் 12.30-க்கு முடியும். 15-ஆம் தேதி கட்டுவதென்றால் அந்த மாதத்து ஒப்பந்தத்தை வாங்கி, வங்கியில் டாலர் வாங்கும் அதே நாளில் விற்றுவிடுங்கள். நடுவில் லாபம் வந்ததென்று விற்றுவிட்டு, இறங்கினால் மறுபடி வாங்கலாம் என்று காத்திருந்தால் அது பாதுகாப்பு அல்ல, சூதாட்டம்.

கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எனக்கு மாதம் 1,200 யூரோ பென்ஷன் வருகிறது. யூரோ இறங்கும் அபாயத்துக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

வேண்டாம் அம்மா. யூரோ–ரூபாய் ஒப்பந்தமும் 1,000 யூரோ லாட்தான், ஆனால் வாங்குவோர் விற்போர் குறைவு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான இடைவெளியே உங்கள் காசைத் தின்னும். அதைவிட வங்கி என்ன விலையில் மாற்றுகிறது என்று பாருங்கள். எஃப்.பி.ஐ.எல். என்ற நிறுவனம் தினமும் வெளியிடும் குறிப்பு விலையைவிட யூரோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கொடுத்தால் வருடத்துக்கு 14,400 ரூபாய் போகிறது. கணக்கில் வரும் பணத்துக்கு 'டெலிகிராபிக் டிரான்ஸ்ஃபர்' வாங்கும் விலைதான் பொருந்தும், நோட்டு மாற்றும் விலை அல்ல. மேலாளரிடம் கேட்டால் சில பைசாவாவது கூட்டித் தருவார்கள்.

50,000 ரூபாய் இருப்பதாக வைத்து நோட்டில் எழுதிப் பழகுகிறேன். மார்ஜினுக்கு ஏற்ப 20 லாட் வாங்கினேன். பாதிப் பணம் காலி. எங்கே தப்பு?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

ஒன்றேகால் ரூபாய் இறங்கியிருக்கும்: 20,000 × 1.25 = 25,000. மார்ஜின் அனுமதித்த அளவுக்கு வாங்கியதுதான் தப்பு. மார்ஜின் என்பது புரோக்கர் தன் பாதுகாப்புக்கு வாங்கும் முன்பணம். நீங்கள் எவ்வளவு தாங்குவீர்கள் என்று அது சொல்லாது.

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஒரு வர்த்தகத்தில் இழக்கச் சம்மதிப்பது 1 சதவீதம், அதாவது 500 ரூபாய். ஸ்டாப் லாஸ் (இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்பே கொடுத்து வைக்கும் உத்தரவு) 25 பைசா தள்ளி என்றால் லாட்டுக்கு நஷ்டம் 250. ஆக, 2 லாட். தொடர்ந்து பத்து முறை தோற்றாலும் 10 சதவீதத்துக்குள் அடங்கும். ஒவ்வொரு முறையும் 10 சதவீதம் வைத்துத் தோற்றிருந்தால் மீதி சுமார் 17,400 ரூபாய். அதை மறுபடி 50,000 ஆக்க கிட்டத்தட்ட மூன்று மடங்காக்க வேண்டும்.

ஸ்டாப் லாஸும் இரும்புச் சுவர் அல்ல. நம் சந்தை மாலை 5 மணிக்கு மூடி காலை 9-க்குத் திறக்கிறது. அமெரிக்க வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலை, நம் சந்தை மூடியபின் வரும். திங்கள் காலை விலை உங்கள் ஸ்டாப்பைத் தாண்டியே திறக்கலாம். 2015 ஜனவரி 15-இல் யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்ற வரம்பை சுவிஸ் மத்திய வங்கி திடீரென்று கைவிட்டது. ஸ்டாப் போட்டிருந்தவர்களுக்கும் வெகு தூரம் தள்ளியே விலை கிடைத்தது; பலர் போட்ட பணத்துக்கு மேல் கடன்பட்டார்கள்.

நோட்டில் பழகுவதோடு நிறுத்துங்கள் என்று சொல்லவும் காரணம் உண்டு. 2024 மே 3 முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, ரூபாய் சம்பந்தப்பட்ட கரன்சி ஒப்பந்தம் போட உங்களுக்கு உண்மையான அந்நியச் செலாவணி வரவோ செலவோ இருக்க வேண்டும். 10 கோடி டாலர் வரை ஆவணம் காட்டி நிரூபிக்கத் தேவையில்லை என்பது சலுகை. வரவு செலவே இல்லாதபோது, இருப்பதாக எழுதிக் கொடுக்க அது அனுமதி அல்ல.

டெலிகிராம் குழுவில் ஒரு ஆப் சொன்னார்கள். 100 டாலர் போட்டால் 1:500 லீவரேஜ் தருகிறார்களாம். சேரலாமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

சேர வேண்டாம். 100 டாலரில் 50,000 டாலருக்கு வர்த்தகம் என்றால் 0.2 சதவீதம் எதிராகப் போனால் எல்லாம் போச்சு. யூரோ–டாலர் 1.10-இல் இருந்தால் அது 22 பிப், அதாவது 0.0022. அந்த ஜோடி ஒரே நாளில் 50 பிப் ஆடுவது சர்வசாதாரணம்; உங்கள் கணிப்பு சரியாகவே இருந்தாலும் அந்த ஆட்டத்தில் கணக்கு காலியாகிவிடும். இப்படிப்பட்ட ஆப்கள் பலவற்றில் எதிர்ப்பக்கம் நிற்பதும் ஆப் நடத்துபவர்தான், நீங்கள் தோற்றால் அவருக்கு லாபம்.

சட்டப்படியும் முடியாது. தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான எல்.ஆர்.எஸ். திட்டத்தில் வெளிநாட்டுத் தளங்களுக்கு மார்ஜின் அனுப்ப இடமில்லை, அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவில் தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். அனுமதி இல்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 முதல் வெளியிட்டு வருகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக அனுமதி உண்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஏற்கெனவே பணம் போட்டவர்களுக்கு ஒன்று. பணத்தை எடுக்கப் போனால் "முதலில் 20 சதவீதம் வரி கட்டுங்கள்" என்று கேட்பார்கள். கட்டாதீர்கள், அதுவும் திரும்பாது. பணம் அனுப்பிய யு.பி.ஐ. எண், தேதி, ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். அந்தப் பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுமுன் புகார் பதிவானால்தான் வங்கியால் நிறுத்திவைக்க முடியும்.