நாத்தனாரிடம் நேரம் சொல்லிக் கேளுங்கள்

கேள்வி: மாமியாருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது. இடது கை, கால் அசைவில்லை. கணவருக்குத் திருப்பூரில் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவார். குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் நான் ஒருத்திதான். அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்துக்குக்கூடப் போக முடியவில்லை. நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவார். உதவி கேட்டால் ஊர் என்ன பேசுமோ என்று பயம். யாரிடம் கேட்பது?
- வாசகி, பாபநாசம் வட்டம்

பதில்: அன்புச் சகோதரி, நாளைக் காலையிலேயே உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாமியாரின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தைப் பலர் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வரும் திட்டம் என்று மட்டுமே நினைத்திருக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும், வலி, புண் பார்க்கும் நோய் ஆதரவுச் செவிலியரின் கவனிப்பும் இதிலேயே உண்டு. எட்டு மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். பயிற்சியால் இனிமேலும் பலன் இருக்கும். செவிலியர் வரும்போது, முதுகில் புண் வராமல் எப்படித் திருப்புவது, உங்கள் இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் எப்படித் தூக்குவது என்று பக்கத்தில் நின்று செய்து காட்டச் சொல்லுங்கள். என் அம்மாவைப் பார்த்துக்கொண்ட காலத்தில் இதை யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. அந்த இடுப்பு வலி இன்றும் இருக்கிறது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு தஞ்சாவூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். உதவித்தொகை, சக்கர நாற்காலி எல்லாவற்றுக்கும் அந்த அட்டைதான் வாசல். அந்த அலைச்சலைக் கணவர் அடுத்த முறை வரும்போது பார்க்கட்டும். முதியோருக்கான எந்தச் சந்தேகத்துக்கும் 14567 என்ற இலவச எண் இருக்கிறது, காலை 8 முதல் இரவு 8 வரை.

ஊர் பேச்சைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எட்டு மாதம் தனியாகச் சுமந்தவரைப் பேசுகிற வாய்க்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. நாத்தனாரிடம் மட்டும் வெளிப்படையாகப் பேசுங்கள். "கொஞ்சம் ஒத்தாசையா இருங்க" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒன்றும் நடக்காது. "ஞாயிறு மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் அத்தையை நீங்க பார்த்துக்கோங்க, அண்ணி" என்று நேரத்தோடு கேளுங்கள். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கலாம். அந்த மூன்று மணி நேரத்தில் பாத்திரம் தேய்க்காதீர்கள். தூங்குங்கள்.

ராத்திரியில் அழுகை முட்டினால், எதிலும் மனம் ஒட்டாமல் போனால், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். நோயாளிக்குத்தான் என்றில்லை, பார்த்துக்கொள்கிற உங்களுக்கும்தான் அந்த எண்.

அப்புறம், நிச்சயதார்த்தம் போனது போகட்டும். கல்யாணத் தேதி தெரிந்ததும் கணவரை லீவு சொல்லிவிடச் சொல்லுங்கள். முதல் நாளே அவர் வந்துவிடட்டும்.