நாலு மாதமாக நிற்காத எழுத்து

வணக்கம் சார்,

எங்கள் ஊர் எழுத்தறிவு மையத்தில் தன்னார்வலராகச் சொல்லிக்கொடுக்கிறேன். 48 வயது அக்கா ஒருவர் வருகிறார். நூறு நாள் வேலைக் கூலிக் கணக்கையெல்லாம் மனதிலேயே போட்டுவிடுவார். ஆனால் நாலு மாதமாகியும் நேற்றுப் படித்த எழுத்து இன்று நிற்பதில்லை. எங்களுக்கு நடந்த பயிற்சியில் பாடப்புத்தகத்தை நடத்துவது எப்படி என்று சொன்னார்கள், இப்படிப்பட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இது டிஸ்லெக்சியாவா, அதாவது எழுத்தைப் படிப்பதில் வரும் கற்றல் குறைபாடா? நாங்கள் என்ன பயிற்சி கேட்கலாம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தோழி,

எனக்குத் தெரியாது, நீங்களும் அவசரப்பட்டு அந்தப் பெயரை வைத்துவிடாதீர்கள். முதலில் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், அந்த வயதில் வெள்ளெழுத்து சகஜம். காதையும்தான். அதெல்லாம் சரியாக இருந்தாலும், பள்ளிக்கூடமே போகாதவருக்கு எழுத்து பிடிபட நாளாகும், அது குறைபாடு இல்லை. பொறுமையாக, ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தும் நிற்கவில்லை என்றால்தான் கற்றல் குறைபாட்டை யோசிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் சொல்லும் 21 வகைகளில் அதுவும் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலைத் திரையில் போட்டுக் காட்டுவதைப் பயிற்சி என்றால் வேண்டாம் என்பேன், மதியச் சாப்பாட்டுக்குள் நமக்கே நாலு குறைபாடு இருப்பதாகத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

எங்கே தடுக்குகிறது என்று பார்க்கக் கற்றுத்தரும் பயிற்சியைக் கேளுங்கள். 'கொடி' என்று எழுதிக் காட்டுகிறோம். காதுக்கு முதலில் கேட்பது 'க்', அப்புறம்தான் 'ஒ'. கண்ணுக்கோ முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அதற்கும் பின்னால் கால், அதாவது ஒரே உயிரொலி இரண்டாகப் பிரிந்து மெய்க்கு இரு பக்கமும் நிற்கிறது. நமக்குப் பழகிவிட்டதால் தெரிவதில்லை. உங்கள் அக்கா தடுமாறுவது இங்கேயா, ல-ள-ழ ஒலியிலா, அல்லது எழுத்தெல்லாம் தனித்தனியாகத் தெரிந்தும் கூட்டிப் படிக்க வரவில்லையா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒரு வாரம் அவர் செய்யும் தப்பை அப்படியே நோட்டில் குறித்து வாருங்கள், திருத்தவே வேண்டாம்.

இன்னொன்று, பெரியவர்கள் மறைப்பார்கள். 1990களில் அறிவொளி இயக்கத்தில் நான் சொல்லிக்கொடுத்தபோது ஓர் அத்தை எப்போதும் பக்கத்தில் இருப்பவர் குரலுக்கு அரை நொடி பின்னால் வாசிப்பார். அதைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில், எல்லார் முன்னாலும் தனியாக வாசிக்கச் சொன்னேன். மறுநாளிலிருந்து வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டால், மாட்டுக்குத் தண்ணி காட்ட நேரமாகிவிடுகிறது என்றார், நானும் நம்பிவிட்டு வந்தேன்.

அதனால் பயிற்சியின் முதல் ஒரு மணி நேரம் தன்னார்வலர்களுக்குத் தெலுங்கு எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒவ்வொருவரையும் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லுங்கள் (தெலுங்கு தெரிந்தவர்களுக்குக் கன்னடம் சரிப்படாது, இரண்டு எழுத்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி, வங்காளம் கொடுங்கள்). எத்தனை பேர் அன்று கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

ஒரு வார நோட்டு முடிந்ததும், அந்த அக்காவிடம் கேட்டுக்கொண்டு, எனக்கும் எழுதுங்கள்.